மழை வராத கோடையும் ஒரு ஜோடி பூட்ஸும்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கட்டிலில் இருக்கிறேன், வலது கால் மாவுக்கட்டில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடம். பார்க்க ஒரு புல் பூண்டு கூட இல்லை. அச்சகத்தில் காகித உருளை உருண்டு வந்து நசுக்கிய காலை இந்த எலும்பு ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தேன். ஊர் திரும்ப மாதக்கணக்கில் ஆகுமாம்.

போன் வேண்டாம் அண்ணி, எழுதுங்கள். வார்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறோம். ஒருத்தி 'ஹலோ' என்றால் மற்றவர்கள் மூச்சுக்கூட விடுவதில்லை.

விஷயம் என் தோட்டம். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தோட்டச் சங்கத்து நிலத்தில் எனக்கென்று ஒரு பங்கு கிடைக்க எத்தனை வருஷம் வரிசையில் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். செப்டம்பர் முதல் ஞாயிறு செயலாளர் சுற்றி வருவார். களை மண்டியிருந்தாலோ, பாதி நிலம் சும்மா கிடந்தாலோ பங்கு அடுத்தவருக்குப் போய்விடும். பங்குக்காரரும் அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும். போன மூன்று கோடையும் மழையில் ஊறி, தக்காளி கறுத்து, நத்தைகள் மட்டும் தின்று கொழுத்தன. போன வருஷமே செயலாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இந்த வருஷமும் தவறினால் அவ்வளவுதான்.

உங்களுக்கு ஊசி நூல் தவிர வேறொன்றும் தெரியாது, அண்ணனுக்கு லாரியும் தூக்கமும் தவிர வேறொன்றும் தெரியாது. வேறு வழியில்லாமல் உங்களைக் கேட்கிறேன். தெற்கு ஓரத்தில் வெங்காயம் நட்டுவிட்டு வந்தேன். பச்சையாகத் தலை நீட்டும், தண்ணீர் விடுங்கள். என் நீல ரப்பர் பூட்ஸ் கொட்டகையில் இருக்கிறது. அது இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள், சேறு கணுக்கால் வரைக்கும் இழுக்கும்.

அண்ணனை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 19

அன்புள்ள குட்டிப் போலீஸுக்கு,

அண்ணி எழுதுகிறேன். பெயர் வைத்தது உன் அண்ணன், என் மேல் பாயாதே. இங்கே நாங்கள் சௌக்கியம். உன் அண்ணன் தொப்பை கூடுதல் சௌக்கியம்.

கடை மூடியதும் நேரே தோட்டத்துக்குத்தான் போகிறேன். முதல் நாள் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். இரண்டாம் நாள் கையில் கொப்புளம் வந்தது. இப்போது பரவாயில்லை, தைக்கும்போது மட்டும் ஊசி வழுக்குகிறது.

உன் வெங்காயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். தெற்கு ஓரம் மட்டுமில்லை, நிலம் முழுக்கப் படர்ந்துவிட்டது. என்ன பச்சை, என்ன அடர்த்தி. தினமும் குழாயடியிலிருந்து தூக்கி வந்து ஊற்றுகிறேன். பக்கத்துப் பங்குத் தாடிக்காரர் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பொறாமை என்று நினைக்கிறேன்.

செயலாளரையும் பார்த்தேன். கழுத்தில் விசில் தொங்கப் போட்டுக்கொண்டு, இருட்டியதும் ஊதி எல்லோரையும் வெளியே துரத்துகிறார். இனி அவர் பெயர் விசில்.

கால் எப்படி இருக்கிறது? வலி குறைந்ததா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். நீங்கள் தினமும் தண்ணீர் தூக்கி ஊற்றி வளர்த்தது வெங்காயம் இல்லை அண்ணி. கோரை.

தண்டை விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று மூலை தட்டும். வெங்காயத்தாள் உருண்டையாக இருக்கும், கசக்கினால் மணக்கும். அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவள். என் நிலத்திலேயே இவ்வளவு பெரிய பிழையை நீர் விட்டு வளர்த்திருக்கிறீர்கள். தாடிக்காரர் பொறாமையில் வாயை மூடவில்லை, சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

சரி, போனது போகட்டும். கோரையை மேலே அறுத்துப் பயனில்லை. மண்ணுக்கடியில் மணிமணியாகக் கிழங்கு கோத்திருக்கும். ஆழத் தோண்டி, கிழங்கையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கேயே போட்டால் அடுத்த மழையில் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். மூன்று வருஷமாக நான் தோற்றது அதனிடம்தான்.

எல்லோரும் நலமா? டாக்டர்கள் அடுத்த வாரம் மறுபடி பார்க்கிறார்கள்.

உங்கள் நாத்தனார்


மே 16

அன்புள்ள குட்டிப் போலீஸுக்கு,

நலமாக இருக்கிறாயா? எங்களுக்குக் குறைவில்லை. தாடிக்காரர் இப்போது வெளிப்படையாகவே சிரிக்கிறார். "உங்க வெங்காயம் எப்படிங்க இருக்கு?" என்று தினமும் ஒரு விசாரிப்பு. இருக்கட்டும், எனக்கும் ஒரு காலம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினேன்.

ஆனால் நீ சொன்னபடி செய்யவில்லை, திட்டாதே. தோண்டிய கிழங்கைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, லாரியில் எடுத்துப் போகச் சொல்லி உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் வரவில்லை, தூங்கிவிட்டார். சாக்கும் ஓட்டைச் சாக்கு. எல்லாம் நிலத்தின் மேலேயே சிந்திக் கிடந்தது. மழை வந்தால் தொலைந்தேன் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்த வெயிலில் உன் கோரைக் கிழங்கெல்லாம் சுருங்கி, காய்ந்து, விரலில் நசுக்கினால் பொடியாகிறது. பொடியாவது எங்கேயாவது எழுந்து நிற்குமா?

அன்று முதல் நான் ஓட்டைச் சாக்குக்கூட எடுத்துப் போவதில்லை. மண்ணைப் புரட்டி வெயிலுக்குக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. இங்கே இப்படி ஒரு கோடையை யாரும் பார்த்ததில்லையாம். விசில் குழாயை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறக்கிறார். தாடிக்காரர் மேலே பார்த்துப் புலம்புகிறார், நான் கீழே பார்த்துச் சிரிக்கிறேன்.

புரட்டிய இடத்தில் முலாம்பழ விதை போட்டிருக்கிறேன். கொட்டகை டப்பாவில் இருந்தது.

டாக்டர்கள் பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்? ஒரு வரி எழுதினாலும் போதும்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே ஒரு நாளும் இன்னொரு நாளும் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. நீங்கள் இருவரும் நலம்தானே.

கிழங்கு காய்ந்தது நல்ல விஷயம். நான் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை, எனக்கு இப்படி ஒரு வெயில் வாய்த்ததும் இல்லை. முலாம்பழம் மட்டும் தேறாது. ஒவ்வொரு வருஷமும் போட்டேன். பிஞ்சிலேயே அழுகிவிடும், தப்பியது தண்ணீராக இனிக்கும். எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரு சின்ன உதவி. என் நீல பூட்ஸைத் தாடிக்காரரின் மனைவிக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு என் அளவுதான். புதுசு, போன வருஷக் கடைசியில் வாங்கியது. சும்மா கிடந்து வெடித்துப் போவதை விட யாருக்காவது பயன்படட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் நாத்தனார்


ஜூன் 29

அன்புள்ள குட்டிப் போலீஸுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இனிமேல் நான் கேட்கப் போவதில்லை. எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். உன் கடிதம் வராத நாட்களில் உன் அண்ணன் தபால்காரரை வழிமறித்து நின்றார். அவருக்கு அவ்வளவு காலையில் எழத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூட்ஸ் விஷயம். தாடிக்காரர் மனைவிக்கு நீல நிறமே ஆகாதாம். அதனால் அது கொட்டகையிலேயே இருக்கிறது.

நத்தைகளைக் காணவில்லை. இலையில் ஒரு ஓட்டை கிடையாது, துணிக்கடையில் இப்போதுதான் கிழித்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. தக்காளி கறுக்கவில்லை. மண் மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தாலும், விரலை விட்டால் அடியில் ஈரம் இருக்கிறது. வேர் தானாக அதைத் தேடி இறங்குகிறது என்று தாடிக்காரரே ஒத்துக்கொண்டார். நான்கு நாளைக்கு ஒரு தடவை நிறுத்தி நிதானமாக ஊற்றினால் போதுமாம்.

இப்போது சில கேள்விகள், ஏன் எதற்கு என்று கேட்காமல் பதில் எழுது. கீரைக்கு எவ்வளவு ஆழம் மண் வேண்டும்? மிளகாய்க்கு? பெட்டியில் வளர்த்தால் வளருமா? அப்புறம், அந்த ஓரத்து பெஞ்சு ஏன் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது?

அண்ணி


ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கும் உங்களுக்கும் நலம் உண்டாகட்டும்.

கீரைக்கு ஒரு சாண் போதும். மிளகாய்க்கு ஒரு முழம் கொடுத்தால் நன்றாகக் காய்க்கும். பெட்டியில் வளரும், சீக்கிரம் காயும், கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், அடியில் ஓட்டை இல்லாவிட்டால் அழுகும். இவ்வளவு நிலம் இருக்கும்போது பெட்டி எதற்கு? எதற்கும் வக்கில்லாத மாடிக்காரர்கள் செய்கிற வேலை அது. பெஞ்சு சாய்ந்ததற்குக் காரணம் சேறு. அங்கே எதை ஊன்றினாலும் ஒரு மழையில் இறங்கிவிடும். நான் போட்ட ஒற்றையடிப் பாதையே முழுகிப் போனதைப் பார்த்தீர்களே.

நீங்கள் இவ்வளவு பாடுபடுவதைப் படிக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. செயலாளர் வருகிற நாளைப் பற்றி நான் இப்போது நினைப்பதில்லை. நீங்களும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டிப் போலீஸுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உன் அண்ணனோடு லோடு அடிக்கிற டிரைவர் அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பையும் வரும். கத்தி கேட்டு வாங்கி வெட்டிச் சாப்பிடு. வார்டுக்கே போதும்.

தேறாது என்றாயே, அந்த முலாம்பழம்தான். செடிக்கு மூன்று நான்கு காய்கள், ஒன்றுகூட அழுகவில்லை. காம்பில் கை வைத்ததும் தானாகக் கழன்று வந்தது. வாசனை பிடித்து விசில் வந்துவிட்டார். "மழை இல்லாததால பழம் சின்னதுதாங்க, ஆனா இனிப்பு மொத்தமும் உள்ளேயே நின்னுடுச்சு" என்றார். ஒரு துண்டு கொடுத்தேன். அன்றைக்கு விசில் ஊத மறந்துவிட்டார்.

நிஜ வெங்காயமும் கொஞ்சம் தப்பியிருந்தது. பிடுங்கி நிலத்திலேயே பரப்பிப் போட்டேன். தோல் சலசலக்கக் காய்ந்துவிட்டது.

நிலம் இறுகிவிட்டது. பெஞ்சை நிமிர்த்தி வைத்தேன், அப்படியே நிற்கிறது. உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருகிறார். ஏதோ சில்லறை வேலை செய்கிறோம்.

எனக்கு மழையே வேண்டாம் என்று இருக்கிறது. இதை வெளியே சொன்னால் அடிப்பார்கள், உன்னிடம் சொல்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பழம் வந்தது. எல்லோருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரி தோலைக்கூட விடவில்லை. நான் ஒரு வாய் வைத்தேன், அழுகை வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு அழுதது அதுதான் முதல் தடவை.

அண்ணி, கால் இல்லை. மே மாதமே எடுத்துவிட்டார்கள். எலும்புக்குள் சீழ் வைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலா, உயிரா என்று கேட்டார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்திருக்கிறார்கள். வீட்டு ஆள் வேண்டும் என்றார்கள், நான்தான் யாருக்கும் சொல்ல விடாமல் நானே கையெழுத்துப் போட்டேன். சொன்னால் நீங்கள் கடையை மூடிவிட்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். கால் தேறுமோ என்று டாக்டர்கள் முதல் வாரமே சந்தேகப்பட்டார்கள், போன் வேண்டாம் என்றதும் அதனால்தான். என் குரலைக் கேட்டால் அண்ணனுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்று எனக்கு முதலிலிருந்தே பயம்.

செயற்கைக் கால் பொருத்தலாமாம், அதற்கு நாளாகும். அதுவரை சக்கர நாற்காலி. அந்த நாற்காலியோடு நான் அங்கே வந்து என்ன செய்ய? ஒரு கால் வைக்கிற அகலத்தில் பாதை. குனிந்து களை பிடுங்குகிற வேலை. வேலிக்கு வெளியே நிறுத்திவைத்து, நீங்கள் வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு இந்த வண்டி நிறுத்துமிடத்தையே பார்த்துவிடலாம்.

பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். வரிசையில் காத்திருக்கிற யாரோ ஒருத்திக்காவது நல்ல மண் கிடைக்கட்டும். நீங்கள் பட்ட பாடு வீண் போகாது.

அண்ணனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 21

என் சின்னவளுக்கு,

அண்ணனிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு இல்லை. ஜூன் மாதமே அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பூட்ஸைக் கொடுத்துவிடு என்று எழுதினாயே, அன்றைக்கே தெரியும். அலமாரியில் ஒரு பழைய ரிப்பனைக்கூட யாரையும் தொடவிடாதவள், புது பூட்ஸைத் தானம் பண்ணுகிறாள் என்றால் எங்களுக்குப் புரியாதா? தாடிக்காரர் மனைவியிடம் நான் கேட்கவே இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன் வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடி வந்துவிடலாம் என்றுதான் இருவருக்கும் தோன்றியது. ஆனால் நீ வேண்டாம் என்று மறைத்த இடத்தில் வந்து நின்றால், நீ எங்களுக்காகச் சிரிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக வேலை செய்வோம் என்று முடிவு பண்ணினோம்.

நீ அனுப்பிய தாளை விசிலிடம் கொடுக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் உன் தோட்டத்தை அளவோடு வரைந்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொண்டே படி.

கோடு போட்டிருப்பது பாதை. நம் தெரு ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலியை என் டேப்பால் அளந்து, இரண்டு பக்கமும் கை உரசாமலிருக்கத் தையலுக்கு விடுவதுபோல் கொஞ்சம் கூடுதலாக விட்டு, சாக்பீஸால் கோடு கிழித்தேன். எங்கோ இடித்த கட்டடங்களின் செங்கல்லை உன் அண்ணன் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். போன வருஷமாக இருந்தால் அத்தனையும் சேற்றுக்குள் போயிருக்கும். இந்த வெயிலில் தட்டித் தட்டி இறுக்கிய மண் அசையவில்லை. சோதித்துப் பார்க்க அந்த நாற்காலியை இரவல் வாங்கி, என்னை உட்காரவைத்து உன் அண்ணன் தள்ளினார். உள்ளே எல்லாம் சரி, கேட்டில் மாட்டிக்கொண்டேன். தாடிக்காரரும் விசிலும் சேர்ந்து தூக்கி வெளியே எடுத்தார்கள். அடுத்த நாள் கேட்டை அகலப்படுத்தியாயிற்று.

கட்டம் போட்டிருப்பவை பாத்திகள். எங்கள் கடையில் ஓடாத பழைய தையல் மிஷின்களின் இரும்புக் கால்களை முதலாளி ஒழிக்கச் சொன்னார். அவற்றின் மேல் பெட்டி அடித்து மண் நிரப்பியிருக்கிறேன். கீரைக்கு ஒரு சாண், மிளகாய்க்கு ஒரு முழம், அடியில் ஓட்டை, எல்லாம் நீ சொன்ன கணக்கு. நான் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவள். முழங்கால் உள்ளே போக வேண்டும், கை மேலே ஓட வேண்டும். அதற்கு மிஷின் உயரத்தை விடச் சரியான உயரம் கிடையாது. நீ குனிய வேண்டாம், யாரும் உன்னைத் தூக்க வேண்டாம். முலாம்பழமும் தக்காளியும் தரையிலேயே இருக்கின்றன. அதற்கு நான் குனிகிறேன், நீ அதிகாரம் பண்ணு. அதுதான் உனக்கு நன்றாக வரும்.

வேலிக்கு வெளியே உன்னை நிறுத்திவைக்க நான் இந்தக் கோடை முழுக்க மண் சுமக்கவில்லை. செப்டம்பர் முதல் ஞாயிறு பங்குக்காரர் அங்கே இருக்க வேண்டும். "நிக்கணும்னு ஒண்ணும் இல்லீங்க, இருந்தா போதும்" என்று விசிலே சொல்லிவிட்டார். முந்தின நாள் உன் அண்ணன் வண்டியோடு அங்கே வந்து நிற்பார். வரமாட்டேன் என்றால் அவரிடமே சொல்லிக்கொள். ஒரு மாதமாக அதிகாலையில் எழுந்து பழகிக்கொண்டிருக்கிறார்.

கால் போனதற்கு எனக்கும் அழ இருக்கிறது. நீ வந்ததும் சேர்ந்து அழலாம். அதற்குள் மழை மட்டும் வரக்கூடாது.

உன் அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். டாக்டர் சம்மதித்துவிட்டார். நான் சம்மதிக்க அவரை விட இரண்டு நாள் கூடுதலாக ஆயிற்று.

உங்கள் படத்தைப் பக்கத்துக் கட்டில்காரி முதல் நர்ஸ் வரை எல்லோரும் பார்த்தாயிற்று. மிளகாய்ப் பெட்டியை வடக்கே வைத்திருக்கிறீர்கள், தவறு. தக்காளிச் செடியின் நிழலில் மிளகாய் மாட்டிக்கொள்ளும். கிழக்கே நகர்த்துங்கள். கீரையை மொத்தமாக ஒரே நாளில் விதைத்திருப்பீர்கள், அதுவும் தவறு. மற்றவற்றை நேரில் வந்து திருத்துகிறேன்.

பூட்ஸில் இடதை எடுத்து வையுங்கள், அன்றைக்குப் போட்டுக்கொள்வேன். வலதைச் சும்மா வைக்காதீர்கள், மண் போட்டு ஒரு மிளகாய் நாற்று நடுங்கள். அடியில் ஓட்டை போட மறந்துவிடாதீர்கள், தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

உங்கள் நாத்தனார்